சித்தப்பாவின் கணினி லினக்ஸுக்கு மாறியது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சித்தப்பாவின் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, அதனால் விண்டோஸ் 11 ஏறவில்லை. "புதுசு வாங்கணுமாடா?" என்று கேட்டார். கோயில் கமிட்டி கணக்கு, ஊர்க்காரர்களுக்கு மனு, இவ்வளவுதான் அதில் வேலை. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போடலாம் என்று நினைத்தேன். யாரும் பயன்படுத்தி, மாற்றி, நகல் கொடுக்கக்கூடிய கட்டற்ற இயங்குதளம் அது. ஆனால் மூலநிரல், சுதந்திரம் என்று ஆரம்பித்தால் அவர் காது கொடுக்க மாட்டார். அதனால் லினக்ஸ் பேச்சையே எடுக்காமல், விண்டோஸிலேயே லிப்ரெஆபீஸ் (ஆவணம், கணக்குக்கு), ஃபயர்பாக்ஸ் (இணையம் பார்க்க), விஎல்சி (வீடியோ பார்க்க) மூன்றையும் போட்டுக் கொடுத்தேன். மூன்றும் லினக்ஸிலும் ஓடும். கை பழகட்டும் என்று விட்டுவிட்டேன். யாரையாவது மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதலில் செயலிகள், அப்புறம் இயங்குதளம்.

பிறகு லினக்ஸுக்கு மாறியபோது அவர் உண்மையில் தடுமாறியது கோப்புகளில்தான். காலிப்ரி எழுத்துருவில் இருந்த பழைய கணக்கறிக்கையைத் திறந்தால், வரிகள் கீழிறங்கி, கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. "என்னடா இப்படிக் கலைஞ்சு கிடக்கு?" என்றார். கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு காலிப்ரியின் அதே அகல அளவில் செய்யப்பட்டது. லினக்ஸில் அதை நிறுவியதும் வரிகள் பழைய இடத்துக்கு வந்தன. மனுக்களெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் திறந்தன, அதே விசைகளில் டைப்பும் செய்ய முடிந்தது. லிப்ரெஆபீஸ் எப்போதும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்ஸ் (.docx) வடிவிலேயே சேமிக்கும்படி அமைப்புகளில் மாற்றியும் வைத்தேன், இல்லாவிட்டால் கோப்பை வாங்கும் ஜெராக்ஸ் கடையில் தகராறு வரும்.

லினக்ஸில் பல வகை உண்டு, நான் போட்டது லினக்ஸ் மின்ட். அதைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நிறுவும் முன்பே வைஃபை, பிரிண்டர் இரண்டையும் அப்படிச் சோதித்தேன். அவர் கண் முன்னால் ஒரு மனு அச்சாகி வெளியே வந்த பிறகுதான் "சரி, போடு" என்றார். கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு நிறுவினேன். நிறுவும் வேலை சீக்கிரமே முடிந்தது.

சில வாரம் கழித்து அவரே கேட்டார்: "இதையே கமிட்டி ஆபீஸ் கணினியிலயும் போடலாமா? லைசென்ஸ் கேக்க மாட்டாங்களா?" எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கு வேண்டுமானாலும் நகல் கொடுக்கலாம், அதற்கான உரிமையோடுதான் இது வருகிறது என்றேன். சுதந்திரம் பற்றி நான் பேச நினைத்ததை அவர் அப்போதுதான் உட்கார்ந்து கேட்டார். கமிட்டி கணினியில் பிரிண்டர் வேறு மாடல். பென்டிரைவில் அதைச் சோதித்துவிட்டு அங்கேயும் போடப் போகிறோம்.