சைக்கிளை ஓரங்கட்டிய வாரம்

ஜனவரி 20, 2024, சனி. கல்லிடைக்குறிச்சி

மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தாயிற்று. சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டியே வந்ததில் வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. தை மாதத்தில் தெற்கே மிதிக்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. தூத்துக்குடி தாண்டிய பிறகுதான் சிரமம். டிசம்பர் 17, 18 வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்மேல் ஆற்று மணல் மேடுமேடாகக் கிடக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று செய்தியில் படித்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. தார் ரோட்டின் ஓரம் கடித்துத் தின்றதுபோல் போயிருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பின்சக்கரம் அங்கேதான் கோட்டமாகியிருக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து வீடு வரைக்கும் பிரேக் கட்டையில் ஒரே உரசல்.

அம்மா வீட்டு முன்பக்கத் தார்சாவிலேயே உட்கார்ந்திருந்தாள். “ஏட்டி, கறுத்துல்லா போயிட்ட” என்றாள். அப்பா என்னைப் பார்க்கும் முன்னால் சைக்கிளைப் பார்த்தார்.

“மட்கார்டு எங்க?”

“கிடையாதுப்பா.”

“ஸ்டாண்டு?”

“அதுவும் இல்ல.”

“பெல்லாவது இருக்கா?”

இருக்கிறது. இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல” என்று உள்ளே போனார். சாப்பிட்டுப் பட்டாசலில் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

இந்தத் தடவை வீட்டில் ஏதோ மாறியிருப்பதாகக் காலையிலிருந்தே பட்டுக்கொண்டிருந்தது. மதியம்தான் பிடிபட்டது. எல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. அடுப்பங்கரையில் மேல் பலகையில் இருந்த புளிப்பானையும் ஊறுகாய் ஜாடியும் இப்போது மேடைமேல். தினசரிக் காலண்டர் ஒரு முழம் தாழ்ந்திருக்கிறது, பழைய ஆணியின் ஓட்டை சுவரில் அப்படியே தெரிகிறது. துணிக்கொடியும் தாழ்ந்துவிட்டதால் நான் குறுக்கே நடந்தால் ஈரத்துண்டு முகத்தில் அடிக்கிறது. மச்சுப்படியில் மூன்றாம் படிக்கு மேல் தூசி. யாரும் காலடி வைத்த மாதிரியே இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். “கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்னுதான்” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாத்திரைகள் பழைய அஞ்சறைப்பெட்டிக்குக் குடிவந்திருக்கின்றன. கடுகு இருந்த கிண்ணத்தில் சுகர், சீரகம் இருந்ததில் பிரஷர், நடுக்கிண்ணத்தில் அப்பாவின் மூட்டுவலி மாத்திரை. அம்மாவுக்குக் கண்புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அட்டையில் இருக்கும் எழுத்தை நம்புவதில்லை, கிண்ணத்தைத்தான் நம்புகிறாள். வெந்தயக் கிண்ணத்தில் இன்னும் வெந்தயமே இருக்கிறது. அதுவும் சுகருக்குத்தானாம், அதனால் இடம் மாறவில்லை.

பாத்திரம் தேய்க்கப் போனேன். விரட்டிவிட்டாள். வாசல் தெளிக்கப் போனால் அதற்குள் தெளித்தாகிவிட்டது. பெற்றவர்களுக்கு ஒரு வாரம் கூடமாட உதவி செய்யலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே எனக்கு இருக்கும் ஒரே வேலை சாப்பிடுவது.

ஜனவரி 22, திங்கள்

எழுதும்படி ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். தூங்கினேன். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, “ஒத்தையிலயா வாற? பயமா இல்லியாட்டி?” என்று கேட்டாள். நாய்களைப் பார்த்தால்தான் பயம் என்றேன். அம்மா உள்ளேயிருந்து, “அவளுக்குக் கோட்டி புடிச்சிருக்கு ஆச்சி” என்று குரல் கொடுத்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 23, செவ்வாய்

அப்பா மூன்று நாளாக அந்தப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இன்று காலைக் காப்பி முடிந்ததும், “அதத் தூக்கி பெஞ்சுமேல வையி” என்றார்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். 1944இல் ஓட ஆரம்பித்த பாபநாசம் மின்நிலையத்திலிருந்து வரும் கம்பிகளின் கீழே ஹெர்குலிஸ் சைக்கிளில் சுற்றியே அவருடைய சர்வீஸ் போனது. கேரியரில் கயிறும் பெல்ட்டும், ஹேண்டில்பாரில் கட்டிங்பிளேயர் பை. அந்தச் சைக்கிள் இப்போதும் தார்சா மூலையில் நிற்கிறது. இரண்டு டயரும் தரையோடு தரை. ஹேண்டில்பாரில் காய்கறிப் பை தொங்குகிறது.

அவரால் இப்போது குந்தி உட்கார முடியாது. அதனால்தான் பெஞ்சு. என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினோம். சக்கரக் கம்பி முறுக்க அவருடைய சாவி சேரவில்லை, என்னுடையதை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு சாக்பீஸ் கேட்டார். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்கு மயிரிழை தள்ளி சாக்பீஸைப் பிடித்தார். கை நடுங்கத்தான் செய்தது. படவேண்டாத இடத்திலெல்லாம் பட்டது. முழங்கையைப் பெஞ்சில் ஊன்றிய பிறகு சரியாக வந்தது. கோணியிருந்த இடம் மட்டும் சாக்பீஸில் உரசி, ரிம்மில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக்கோடு விழுந்தது.

“கோடு இந்தப் பக்கம் விழுதா? அப்ப எதிர்ப்பக்கத்துக் கம்பிய முறுக்கு. இந்தப் பக்கத்தத் தளத்து. கால் திருப்பு போதும், அதுக்கு மேல போகாத.”

முறுக்கினேன். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து நெருக்கினார், முறுக்கு ஒரே சீராகப் பரவுவதற்கு. கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்று, மறுபடி சாக்பீஸ். ஒரு சாண் கோடு நாலு விரலுக்கு வந்தது, நாலு விரல் ஒரு விரலுக்கு. கடைசியில் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக் காது கொடுத்தார். பல்சக்கரப் பக்கத்துக் கம்பிகள் கணீரென்றும் மறுபக்கம் கொஞ்சம் மந்தமாகவும் கேட்டன. அப்படித்தான் கேட்க வேண்டுமாம். பல்சக்கரம் இருக்கும் பக்கம் கம்பி விறைப்பாக நின்றால்தான் ரிம் நடுவில் நிற்கும். ஒரு கம்பி மட்டும் சத்தம் மாறிக் கேட்டது. அதை நான் தொடவே கூடாது என்று அவரே முறுக்கினார்.

இவ்வளவுக்கும் காலை முழுக்க ஆனது. சைக்கிள் கடையில் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் உரசல் சுத்தமாகப் போய்விட்டது.

“கோட்டம் எடுக்க இப்ப என்ன கூலி?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். “ஒரு காப்பி போடச் சொல்லு” என்றார். இன்றைய கணக்கில் அது மூன்றாவது காப்பி. அம்மா சண்டை போட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

ஜனவரி 24, புதன்

பைகளைக் கழற்றிவிட்டு வெறும் சைக்கிளில் ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் போய் மாத்திரை வாங்கி வந்தேன். சுமை இல்லாத சைக்கிள் குட்டி ஆடு மாதிரி துள்ளுகிறது. அவர்கள் என்னிடம் கேட்ட ஒரே உதவி இதுதான். அதுவும் அம்மா மருந்துச்சீட்டைக் கையில் கொடுத்து, “உனக்கு மிதிக்காம இருக்க முடியாதுல்லா, போயிட்டு வா” என்று எனக்கு உபகாரம் செய்கிற தோரணையில்தான்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். இருவரையும் சென்னைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்ற பழைய பேச்சு. முடியாது என்றேன். அவன் வீடு ஐந்தாவது மாடி. இங்கே தார்சாவில் உட்கார்ந்தால் தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்கிறார்கள். தண்ணீர் குடம் தூக்க ஓர் ஆள், வாரம் ஒரு தடவை மேல்வேலைக்கு ஒரு பெண், இவ்வளவு ஏற்பாடு செய்தால் இன்னும் சில வருஷம் இந்த வீடே அவர்களைப் பார்த்துக்கொள்ளும். குடத்துக்கு ஆள் வைக்க அம்மா சம்மதித்துவிட்டாள். மேல்வேலைக்குச் சம்மதிக்கவில்லை.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

விடியும் முன்னே அம்மா என்னை எழுப்பினாள். ஆற்றுக்குப் போக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அவள் படித்துறைப் பக்கமே போகவில்லையாம். அப்பா, “வழுக்கும், வேண்டாம்” என்றார். அவள் கேட்கவில்லை.

கீழ்ப்படிகளில் வண்டல் இன்னும் படிந்திருக்கிறது. வலக்கையால் என் தோளைப் பிடித்தாள், இடக்கையில் புடவைக் கொசுவம், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். முழங்கால் தண்ணீர் வந்ததும் நின்றாள். அதற்கு மேல் நான் விடவில்லை. படியில் உட்காரவைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றினேன். முதல் சொம்புக்கு ‘ஆ’ என்று கத்தினாள். தாமிரபரணி தை மாதத்தில் அவ்வளவு குளிர்ச்சி.

“இன்னும் ஊத்து” என்றாள். ஊற்றிக்கொண்டேயிருந்தேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “ஆச்சிக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆச்சி என்று சொல்லிவிட்டாளாம். வீடு வரும் வரை அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 26, வெள்ளி

மதியம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத்துவையலும். நாளைக்கு மலை ஏற வேண்டுமே, இடுப்புக்கு உளுந்து நல்லது என்று அம்மாவின் கணக்கு. சாப்பிட்ட பிறகு இடுப்பை நிமிர்த்தவே முடியவில்லை.

பை கட்டும்போது தகராறு. கல்லிடைக்கு வந்துவிட்டு அப்பளம் இல்லாமல் போவதா என்று இரண்டு கட்டு எடுத்து வைத்தாள். சைக்கிளில் அப்பளம் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா நடுவில் புகுந்து, அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே வைத்துச் சணல் கட்டி, என் தூங்கும் பையின் நடுவில் செருகினார். மின்வாரியத்தில் பீங்கான் இன்சுலேட்டர்களை இப்படித்தான் கொண்டுபோவார்களாம். ஒன்றுகூட உடையாது என்று உத்தரவாதம் வேறு.

ஜனவரி 27, சனி. புனலூர்

விடிந்ததும் கிளம்பினேன். “பையப் போ” என்றாள் அம்மா. தென்காசி, செங்கோட்டை, அப்புறம் புளியரை எஸ் வளைவு. இந்தப் பருவத்தில் கணவாயில் கிழக்கேயிருந்து காற்று வருவதால் ஏற்றம் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு வாரச் சாப்பாடும் தூக்கமும் காலில் நன்றாகவே தெரிந்தது. கோட்டைவாசல் தாண்டியதும் கேரளம். ஆரியங்காவில் சாயா, அங்கிருந்து இறக்கம். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி லாட்ஜிலிருந்து போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். சக்கரம் உரசுகிறதா? இல்லை. பாலத்தில் ரயில் போனதா? போகவில்லை. மீட்டர்கேஜில் போன காலத்தில் அந்தப் பாலத்தில் ரயில் எவ்வளவு மெதுவாகப் போகும், ஜன்னல் வழியே எப்படி எட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். 2018இல் அகலப்பாதை வந்த பிறகு அவர் அந்த ரயிலில் ஏறவில்லை. கொல்லம் வரைக்கும் ஒரு தடவை மூன்று பேரும் போய் வரலாமா என்று கேட்டேன். “கேட்டுச் சொல்லுதேன்” என்று போனை அம்மாவிடம் கொடுத்தார்.

“அப்பளம் உடஞ்சுதா?”

“பாதி போச்சும்மா.”

“அப்பளக் குழம்பு வச்சிரு.”

“லாட்ஜ்ல எங்கம்மா அடுப்பு?”

“கீழ போயி கேளு, தருவாங்க. அவங்களும் அப்பளம் திங்கறவங்கதான.”