குறைந்த தண்ணீர் எங்கே போனது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சுற்றுச்சூழலைக் கம்பெனி எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று வெளிநாட்டு பையர்களுக்குச் சொல்லும் சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டுக்குக் கணக்கு திரட்டுவது என் பொறுப்பு.

ஒரு வருடம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தது: ஒரு கிலோ துணிக்கு ஆகும் தண்ணீர் பாதியாகக் குறைந்திருக்கிறது. கணக்குப் போட்டவன் நான்தான். பில் சரி, கூட்டல் சரி. ஆனால் அந்த வருடம்தான் எங்கள் டையிங் மெஷின்களில் பாதியை நிறுத்திவிட்டு, துணியை ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் சாயமேற்றும் பட்டறைக்கு, வெளியே அனுப்ப ஆரம்பித்திருந்தோம். துணியின் எடை முழுதும் எங்கள் கணக்கில் இருந்தது. அதைச் சாயமேற்றிய தண்ணீரில் பாதி பக்கத்துப் பட்டறையின் கணக்குக்குப் போய்விட்டது.

நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனதைப் பார்த்த ஊர் இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். இங்கே உட்கார்ந்து அந்த வரியை எழுதினோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

போர்வெல் மீட்டர் ரெஜிஸ்டரையும் அப்போதுதான் நிதானமாகப் புரட்டினேன். முப்பது நாள் ரீடிங்கும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தது. ஆபரேட்டரிடம் கேட்டேன். "மீட்டர் ரெண்டு மாசமா ஓடலீங்க சார். மூணு தடவ சொல்லிட்டனுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சரிபார்க்க வந்தவரோ ரெஜிஸ்டரையும் எக்செல்லையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். மீட்டர் பக்கம் அவர் போகவேயில்லை.

பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன பெரிய கம்பெனிகளுக்கு, அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023-ல் இதுபோன்ற ரிப்போர்ட்டில் முக்கியமான அளவீடுகளை மட்டுமாவது வெளியாள் சரிபார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் சப்ளையர்களின் கணக்கைச் சொல்வதை 2025-ல் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அது தவறு என்றே நினைக்கிறேன். பொய் நுழைவது பெரும்பாலும் அந்தக் கேட் வழியாகத்தான்.

அடுத்த வருடம் நானே ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போனேன். கணக்கு கிடைப்பது கஷ்டமாக இல்லை. கழிவு நீருக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம் போட்ட பில்களை முதலாளி கட்டோடு எடுத்துக் கொடுத்தார். "இதெல்லாம் எங்ககிட்ட யாரும் கேட்டதே இல்லீங்க" என்றார். இரண்டு இடத்துத் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாக அது அச்சானது. முதல் பக்கத்தில் பழைய வரி அப்படியே இருந்தது.