பழைய மஸ்டாங்கில் பெரிய என்ஜினா? முதலில் உடம்பை இறுக்குங்கள்

ஃபோர்டின் 1965, 66 மஸ்டாங் காரில் 289 கன அங்குல V8 என்ஜினை இறக்கிவிட்டு, 347 ஸ்ட்ரோக்கர் (பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டி 347 கன அங்குலமாகப் பெரிதாக்கிய என்ஜின்) ஏற்றுகிறவர்கள் பலர், மொத்தக் காசையும் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கொட்டிவிடுகிறார்கள். முன்கண்ணாடியின் மூலையில் விரிசல் ஓடிய பிறகோ, கதவு சரியாகச் சாத்தாமல் போன பிறகோதான் வண்டியின் உடம்பு ஞாபகத்துக்கு வருகிறது. என்ஜின் இறங்கியிருக்கும் நேரம்தான் இந்த வேலைக்குக் கிடைக்கும் நல்ல நேரம். அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. என்ஜினுக்கு இருபுறமும் நீளச் சட்டங்களாக வரும் முன்ரெயில்கள், முன் இருக்கைப் பக்கம் தரைத்தகட்டின் அடியில் முடிந்துவிடும். பின்ரெயில்கள் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். இடையில் இருப்பது மெல்லிய தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டியும் மட்டும். நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 225 குதிரைத்திறன் 289 அதிகபட்சம் 413 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். டாப்லோடர் கியர்பாக்ஸின் முதல் கியர் 2.78 என்றால், டிரைவ்ஷாஃப்ட்டுக்கு ஏறத்தாழ 1150 நியூட்டன் மீட்டர் போகும். 540 தரும் 347 போட்டால் அதே கியரில் 1500. அகலமான டயர் வேறு போட்டுவிட்டால், சக்கரம் வழுக்கித் தப்பித்த விசையும் இப்போது உடம்புக்குள்தான் இறங்கும்.

வெல்டிங்கைத் தொடும் முன் ஓர் அளவு எடுத்து வையுங்கள். கதவைச் சாத்தி, அதன் பின்விளிம்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று என மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப் கதவையும் பின் ஃபெண்டரையும் சேர்த்து மூடட்டும். இடைவெளியில் பிளேடால் கீறி, இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டு, தூரத்தை வெர்னியரில் அளந்து டேப்பிலேயே எழுதிவிடுங்கள். பிறகு முன்ரெயிலின் இடது முனையில் ஜாக் வைத்து, அந்தப் பக்கச் சக்கரம் தரையை விடும் வரை தூக்கி, மறுபடி அளந்து பாருங்கள். வலது பக்கமும் அப்படியே. ஜாக் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இதே உயரத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து துரு. டார்க் பாக்ஸ் (ரெயிலையும் ராக்கரையும் இணைக்கும் தகட்டுப் பெட்டி), ராக்கரின் உள்பக்கம், வைப்பருக்குக் கீழே இருக்கும் கவுல் மூன்றும்தான் முதலில் அரிக்கும். சுத்தியலின் கூர்முனையால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அங்கே தகடு போய்விட்டது. அரித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைப்பது வீண்வேலை. வெல்டு ஓரத்திலேயே கிழிந்துகொண்டு வரும்.

தடிமனைவிட வடிவம்தான் முறுக்கைத் தாங்கும். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியில் தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் முறுக்கு விறைப்பு இரண்டு மடங்கு ஆகும். தடிமனை அப்படியே வைத்து அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு ஆகும். ஒரு பக்கம் திறந்த பெட்டியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அது காகிதம் போல முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் முதல் வேலையாக டார்க் பாக்ஸைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் ரெயிலையும் வெளியே இருக்கும் ராக்கரையும் கட்டிப்போடுவது அதுதான். கன்வர்ட்டிபிளில் ஃபோர்டே இரண்டு பக்கமும் வைத்து அனுப்பியது. கூரை உள்ள வண்டியில் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள். வாங்கிப் போடும்போது ரெயில், ராக்கர், தரை, ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) என எல்லா விளிம்பும் வெல்டாக வேண்டும். ஒரு விளிம்பை விட்டால் அது பெட்டி இல்லை.

பிறகு முன்ரெயிலையும் பின்ரெயிலையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர். 50க்கு 75 மி.மீ. பெட்டிக்குழாய், 3 மி.மீ. சுவர் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து 15 கிலோவுக்குள் அடங்கும். போல்ட் போட்டு மாட்டும் வகை எனக்குச் சம்மதம் இல்லை. ரெயில் தகடு மெல்லியது, சில மாத ஓட்டத்தில் ஓட்டை நீள்வட்டமாகிவிடும், அதோடு இறுக்கமும் போகும்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு, வண்டியை நான்கு மூலையிலும் ஸ்டாண்டில் தூக்கிவைத்து வெல்டு அடிப்பது. அப்போது நடு உடம்பு தொங்கியபடி இருக்கும், கனெக்டர் அந்தத் தொய்வை அப்படியே பூட்டிவிடும். கீழே இறக்கினால் கதவு ஸ்டிரைக்கரில் (பூட்டு மாட்டும் கொக்கியில்) இடிக்கும். வண்டி தன் எடையைச் சக்கரத்திலேயே தாங்கி நிற்க வேண்டும். நான்கு கம்ப லிஃப்ட் உத்தமம். இல்லையென்றால் பின் ஆக்ஸிலுக்கும் முன்சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம்களுக்கும் அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். என்ஜின் இல்லாதபோது முன்பக்கம் எடை குறையும் என்பதால், அதற்கு ஈடாக மணல் மூட்டை ஏற்றுங்கள். கதவு இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டேக் வெல்டு, அதாவது அங்கங்கே புள்ளி வைத்துப் பிடிக்கும் வெல்டு.

வெல்டுக்கு 0.8 மி.மீ. மிக் கம்பியும், 75 பங்கு ஆர்கான், 25 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு கலவையும் போதும். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஒதுக்குங்கள். உள்ளே கம்பளத்தையும், இணைப்புகளை அடைக்கும் பசையான சீலரையும் சுரண்டி எடுங்கள், அது தீப்பிடிக்கும். வெல்டு விழும் இடத்தைச் சுற்றி 25 மி.மீ. பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டமாக இழுக்காமல் 25 மி.மீ. அடித்து, அடுத்த பக்கம் போய், திரும்பி வாருங்கள். சூடு ஓரிடத்தில் குவிந்தால் தரைத்தகடு நெளியும்.

கனெக்டர் ரெயிலோடு சேரும் முனையை நேராக வெட்டி, குறுக்கே வெல்டு போடாதீர்கள். 3 மி.மீ. இரும்பு திடீரென்று நின்று மெல்லிய தகடு தொடங்கும் அந்தக் கோட்டில்தான் விரிசல் பிறக்கும். முனையை மீன்வால் போலப் பிளந்து வெட்டி, ரெயிலின் நீளவாக்கில் வெல்டை ஓடவிடுங்கள். குழாயைத் தரையோடும் சேர்த்துக் கட்டினால் பலன் இன்னும் கூடும். மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. ஓட்டை விட்டு, பெயின்ட் முடிந்ததும் உள்ளே கேவிட்டி மெழுகு அடியுங்கள்.

முன்பக்கம் ஷாக் டவர்தான் விஷயம், ஸ்பிரிங்கின் மேல்முனை மாட்டும் தகட்டுக் கோபுரம் அது. இந்த வண்டியில் ஸ்பிரிங், சக்கரத்தை மேலே பிடிக்கும் அப்பர் ஆர்மின் மேல் உட்காரும். அதனால் பாரம் முழுக்க டவருக்குப் போய், வருடக்கணக்கில் இரண்டு டவரும் உள்பக்கம் சாயும். அப்பர் ஆர்ம் போல்ட்டைச் சுற்றியும், டவர் ரெயிலோடு சேரும் ஸ்பாட் வெல்டுகளிலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து விரிசல் தேடுங்கள். இருந்தால் அதன் முனையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, வெல்டு அடித்து, பிறகு வலுத்தகடு போடுங்கள். 1969 பாஸ் 302 மஸ்டாங்கிலேயே டவரில் விரிசல் விழுந்து, ஃபோர்டு வலுவூட்ட வேண்டி வந்தது. அப்பர் ஆர்மை 25 மி.மீ. இறக்கும் எண்ணம் இருந்தால் அந்த ஓட்டைகளைத் தகடு போடும் முன்பே போட்டுவிடுங்கள்.

டவரிலிருந்து கவுலுக்குப் போகும் இரண்டு தனித்தனிக் கம்பிகளை எடுத்துவிட்டு, ஒரே துண்டாக வரும் எக்ஸ்போர்ட் பிரேஸ் மாட்டுங்கள். மஸ்டாங்கின் வேக வடிவமான ஷெல்பி ஜிடி350-இல் இருந்தது இதுதான். ஓட்டை பொருந்தவில்லை என்று தேய்க்க அரத்தை எடுக்காதீர்கள். பிரேஸ் சரியாகத்தான் இருக்கிறது, டவர்தான் சாய்ந்திருக்கிறது. என்ஜின் இல்லாத நேரத்தில் டவர்களுக்கு இடையே ஹைட்ராலிக் ராம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பிரேஸ் தானாக உட்காரும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதோடு இரண்டு டவரையும் குறுக்கே இணைக்கும் மான்டி கார்லோ பார், நேராக இருப்பது. ஏர் கிளீனருக்கு இடம்விட வளைத்த பார், விசை வந்தால் ஸ்பிரிங் மாதிரி மடங்கிக்கொடுக்கும். ஆயில் பேன் இடிக்கிறது என்று சிலர் என்ஜினுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைக் கழற்றி எறிகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சட்டத்துக்கு இடம்விடும் பேனை வாங்குங்கள்.

கூபேயில் பின் இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவில் இருப்பது வெறும் அட்டை. டிக்கியின் தரையோ பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமேதான். இருக்கைக்குப் பின்னால் 1.2 மி.மீ. இரும்புத்தகட்டை நான்கு பக்கமும் வெல்டு செய்து, விளிம்பைச் சீலரால் அடைத்தால் உடம்பு முறுக்கிக்கொள்வது குறையும். பின்னால் யாராவது மோதினால் பெட்ரோல் உள்ளே பாய்வதற்கும் ஒரு தடுப்பு கிடைக்கும். இதற்காகவே இந்த வேலையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன்.

ஃபோர்டின் பிற்கால V8 என்ஜினான கொயோட்டி 5.0 போடுவது வேறு வேலை. நான்கு கேம்ஷாஃப்ட் உள்ள அதன் தலை அகலமானது, டவரை வெட்டாமல் இந்த வண்டிக்குள் அடங்காது. டவர் போனால் ரெயிலையும் ஏப்ரனையும் (என்ஜின் அறையின் பக்கத் தகடு) பிடித்திருந்த பெட்டி போய்விடும். புது முன் சஸ்பென்ஷனை வெல்டு செய்தால் மட்டும் அது திரும்பி வராது. வெட்டிய இடத்தை மூடும் தகடும், ரெயிலிலிருந்து கவுல் வரை சாய்வாகப் போகும் குழாயும் சேர்ந்தே ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள், டவர் நகர்ந்ததால் கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கச் சாய்வு, மாறியிருக்கும். பிறகு பழையபடி டேப் ஒட்டி, அதே ஜாக் உயரத்தில் அளவு எடுங்கள். இரண்டு கதவிலும் மாற்றம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறையாமல் நின்றால், அந்தப் பக்க டார்க் பாக்ஸின் ராக்கர் விளிம்பைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் சீலருக்கு அடியில் வெல்டு விழாத ஒரு சாண் நீளம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.