கரண்டி கைக்கு வரும்வரை

எங்கள் கொத்தனார் பயிற்சிக் கூடத்தில் கட்டிய சுவர் எதுவும் மறுநாள் காலைவரை நின்றதில்லை. காலையில் நூல் பிடித்துத் தொடங்கும் ஒன்பது அங்குலச் சுவர் மாலை நான்கு மணிக்கு இடுப்பளவு உயர்ந்திருக்கும். பயிற்றுநர் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்துக் குறைகளைச் சொல்லி முடித்தவுடன், கட்டியவர்களே அதைப் பிரித்து, கல்லில் ஒட்டியிருக்கும் கலவையைச் சுரண்டியெடுத்து, அடுத்த நாளுக்காக அடுக்கி வைக்க வேண்டும். சிமெண்டுக்குப் பதிலாகக் களிமண்ணும் மணலும் குழைத்த கலவையை நாங்கள் பயன்படுத்தியதே இதற்காகத்தான். முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு இது பெரிய மனக்கஷ்டமாக இருக்கும். ஒருவன் தன் மூலையைப் பிரிப்பதற்கு முன் நாலாபுறமும் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். அந்த மூலை ஓர் அங்குலத்துக்குமேல் சாய்ந்திருந்தது என்பதைப் பயிற்றுநர் சற்று முன்புதான் அவனிடம் சொல்லியிருந்தார்.

பத்தாண்டுகளுக்கு மேல் கட்டுமானத் தளங்களில் பொறியாளராக இருந்துவிட்டு, 2016இல் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பயிற்சி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளராகச் சென்றேன். மத்திய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. குறுகியகாலப் பயிற்சிகளைப் பற்றி எங்கும் பேச்சாக இருந்த நேரம். ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். எங்களுடையது மூன்றே மாதம். மூன்று மாதத்தில் ஒருவரைக் கொத்தனாராக்க முடியும் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், அச்சடித்த துண்டறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தோம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

ஊரில் ஒரு பையன் கொத்தனாராவதற்கு வழக்கமாக இருந்த வழி வேறு. பதினாறு, பதினேழு வயதில் மாமனோ பெரியப்பாவோ அழைத்துச் செல்ல, பாண்டில் கலவை சுமந்து, கல் எடுத்துக் கொடுத்து, சாரம் கட்ட உதவி, மூன்று நான்கு ஆண்டுகள் பெரியாளாகவே, அதாவது கொத்தனாருக்கு உதவியாளாகவே, கழியும். கொத்தனார் சாப்பிடக் கை கழுவப் போகும் நேரத்தில், கலவைச் சட்டியில் கிடக்கும் கொத்துக் கரண்டியை எடுத்து நான்கு கல் வைத்துப் பார்ப்பான். திரும்பி வந்த கொத்தனார் அதைத் தட்டிவிட்டுத் திட்டினால் இன்னும் நாளாகும் என்று பொருள். ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் அடுத்த வரியைக் கட்டத் தொடங்கினால் பையன் தேறிவிட்டான் என்று பொருள். நான் பழகிய கொத்தனார்களில் பெரும்பாலோர் தங்கள் முதல் கல்லைத் திருட்டுத்தனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பயிற்சியின் பயன் என்னவென்று இப்போது என்னைக் கேட்டால், அந்த மூன்று நான்கு ஆண்டுத் திருட்டை மூன்று மாதப் பகிரங்கப் பழக்கமாக மாற்றியது என்பேன். அதற்குமேல் அந்த மூன்று மாதம் எதையும் தந்துவிடவில்லை.

முதல் அணியில் இருபத்தைந்து பேர். பயிற்சி முடிந்ததும் ஒரு பெரிய நிறுவனத்தின் அடுக்குமாடிக் கட்டுமானத்துக்குப் பதினெட்டுப் பேரை அனுப்பினோம். சான்றிதழைப் பார்த்துக் கரண்டியைக் கையில் கொடுப்பார்கள் என்று நான் அவர்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். அங்கே இருந்த மேற்பார்வையாளர் சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. லாரியிலிருந்து கல் இறக்கவும் தளத்தைக் கழுவவும் சொன்னார். ஒரு மாதத்தில் பதினான்கு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய அப்பா மையத்துக்கே வந்து, "இதுக்கு மூணு மாசம் எதுக்கு சார் படிக்கணும்? எங்கூட வந்திருந்தா அன்னிக்கே கூலி வாங்கியிருப்பான்" என்றார். அவர் நெல் மூட்டை தூக்குபவர். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த நிறுவனத்தின்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. ஆனால் தவறில் பாதி எங்களுடையது என்பது அடுத்த அணியின்போதுதான் புரிந்தது. முதலாவது, அளவு. பாடத்திட்டம் முழுவதும் மில்லிமீட்டரில் இருந்தது. எங்கள் பிள்ளைகளும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பத்து மில்லிமீட்டர் சந்து என்று ஒப்பிப்பார்கள். தளத்தில் எந்த மேஸ்திரியும் மில்லிமீட்டரில் பேசுவதில்லை. அடி, அங்குலம், அதற்குக் கீழே நூல். எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். "ரெண்டு நூல் வெளிய தள்ளு" என்று மேஸ்திரி சொன்னதும் எங்கள் பையன் ஒருவன் இன்னொரு நூல்கண்டைத் தேடிப் போனானாம். தளம் முழுவதும் சிரித்திருக்கிறது. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

இரண்டாவது, அந்த மண் கலவை. அதற்கு அவசரம் கிடையாது. காலையில் குழைத்ததை மாலைவரை வைத்துக் கட்டலாம். சிமெண்ட் அப்படியில்லை. தண்ணீர் பட்ட அரைமணி நேரத்துக்குப் பிறகு அது எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம் என்ற கணக்கில்தான் வேலை நடக்க வேண்டும். மண்ணில் பழகிய கை கல்லை வைத்துவிட்டு யோசிக்கும், தட்டும், மறுபடி அசைக்கும். சிமெண்டில் வைத்த கல்லைச் சற்று நேரம் கழித்து அசைத்தால் பிடிப்பே போய்விடும். செங்கல்லை முன்பே தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்பதையும் பிள்ளைகள் சடங்கைப் போலத்தான் செய்துவந்தார்கள். காய்ந்த சூளைக் கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அதை வெறும் பொடியாக்கிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தபிறகே அது அவர்களுக்குக் காரணமுள்ள வேலையாயிற்று. எனவே கடைசி மூன்று வாரங்களுக்குச் சிமெண்டுக்கு மாறினோம். செலவு கூடியது, அதற்காக ஒவ்வொரு முறையும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமெண்டுக்கு மாறிய மூன்றாம் நாள் விரல் நுனிகளில் சிறு குழிகள் விழும். உப்பு பட்டால் எரியும் என்பதால் சிலர் மதியச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார்கள். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை தோலை அரிக்கிறது. ரப்பர் கையுறை கொடுத்தோம்; கல்லின் விளிம்பு தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார்கள். பயிற்றுநர்கூடக் கையுறை போட்டதில்லை. வேலை முடிந்ததும் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்பதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். அதில் நான் இன்னும் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் அணியிலிருந்துதான் மேஸ்திரிகளை முன்கூட்டியே தேடிப் போகத் தொடங்கினேன். திண்டிவனம், செஞ்சி, திருவெண்ணெய்நல்லூர் பக்கங்களில் வீடு கட்டித் தரும் சிறு மேஸ்திரிகள். பெரிய நிறுவனங்கள் அல்ல. அவர்களை ஒரு நாள் கூடத்துக்கு அழைத்து, பிள்ளைகள் கட்டுவதைப் பார்க்கச் சொல்வேன். யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒருவர் வந்து அரைமணி நேரம் கைகட்டி நின்றுவிட்டு, "அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் கல்லைத் தட்டுறதுக்கு முன்னாடி கீழே பாக்குறான். அவனை அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கீழ்வரியின் விளிம்போடு மேல்கல்லின் விளிம்பு பொருந்துகிறதா என்று பார்ப்பதைத்தான் அவர் கவனித்திருக்கிறார். எங்கள் மதிப்பீட்டுத் தாளில் அதற்கென ஒரு கட்டமே இல்லை. நாங்கள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: முதல் மூன்று மாதம் பெரியாள் கூலியே கொடுங்கள், ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது கரண்டியைக் கொடுங்கள். சிலர் ஒப்புக்கொண்டு மறந்தார்கள். சிலர் உண்மையாகவே செய்தார்கள். அதனால் சனிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு தளந்தளமாகச் சென்று வந்தேன். என் வேலையில் உருப்படியான பகுதி அந்தச் சனிக்கிழமைகள்தான்.

பெண்களுக்கு அந்தத் திருட்டு வழியும் கிடையாது. இருபது ஆண்டு சித்தாள் வேலை செய்த ஒரு தாய், கலவை விழும் ஓசையிலேயே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று சொல்லக்கூடியவர், கரண்டியைத் தொட்டதேயில்லை. யாரும் தொடச் சொன்னதுமில்லை. அவருடைய பத்தொன்பது வயது மகள் எங்களிடம் சேர்ந்தாள். அந்த அணியில் மூலை எடுப்பதில் அவள் கைதான் நேர்த்தி. வேலை கேட்டுப் போன இடத்தில், "பொம்பளப் பிள்ளை சாரத்துல ஏறுமா?" என்று கேட்டார்கள். இருபது ஆண்டுகளாகத் தலையில் கல் சுமந்து அதே சாரத்தில் ஏறியவர்களைப் பற்றி யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை. அப்போது தூய்மை இந்தியா திட்டத்தில் ஊர்தோறும் தனிநபர் கழிப்பறைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். தன் சித்தப்பாவுடன் சேர்ந்து அவள் அந்த வேலையில் நுழைந்தாள். சின்னச் சுவர், சின்ன வேலை, ஆனால் முதல் நாளிலிருந்தே கையில் கரண்டி.

பதினெட்டு வயது நிறைந்தவர்களை வேலைக்குப் போன சில மாதங்களில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதையும் எங்கள் கடமையாக வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலிக்கப்படும் தொகையிலிருந்துதான் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் வருகின்றன. பத்தொன்பது வயதுப் பையனிடம் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினால் அவன் சாலையைப் பார்ப்பான். விபத்து உதவி என்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பான். சாரத்திலிருந்து விழுந்த ஒருவரையாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மையத்தை விட்டு வந்த ஓராண்டுக்குப் பிறகு, கைபேசியில் மூலையைப் படம் எடுத்தவன் அழைத்தான். செஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரைத் தான் தனியாகக் கட்டியிருப்பதாகவும், அந்தப் பக்கம் வந்தால் பார்க்கும்படியும் சொன்னான். போனேன். நாற்பதடி நீளம், ஐந்தடி உயரம், இன்னும் பூசவில்லை. சாக்குப் போட்டு நனைத்திருந்தான். நான் சுவரோரம் கண்ணை வைத்துப் பார்க்கத் தொடங்குவதற்குள் அவனே ஓரிடத்தில் கைவைத்து, "இங்க ரெண்டு நூல் உள்ள போயிருக்கு சார். பூச்சுல எடுத்துடுவேன்" என்றான். பிறகு உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, கையிலிருந்த கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.