ஹில் ஹோல்டர் பிடித்துவிட்டது: 1960 ஸ்டூடிபேக்கர் லார்க், பிரேக் வேலை நிலவரம்

பிட்ஸ்பர்கின் பீச்வியூ பக்கம் ஒரு நல்ல செங்குத்து மேடு. முதல் கியர், கிளட்ச் முழுக்க உள்ளே, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாயிற்று. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் நகரவில்லை. கிளட்ச்சை மெல்ல விட்டதும் எங்கும் இழுக்காமல், உதறாமல், தானாகவே விட்டுக்கொடுத்து மேலே ஏறியது. மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்து வைக்கும் கருவிதான் ஹில் ஹோல்டர். என் பழைய அமெரிக்கக் கார், ஸ்டூடிபேக்கர் லார்க்கில் 1960ல் தொழிற்சாலையில் மாட்டியது, அதே உடம்போடு திரும்ப வேலை செய்கிறது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்துவது) எல்லாம் புதிதாக மாற்றியதைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. டிரம் பிரேக் வேலை செய்தவர்களுக்கு அது தெரிந்ததுதான். ஒன்று மட்டும்: இந்த வருடத்து லார்க்கில் பெடல்கள் தரையிலிருந்து முளைக்கின்றன, மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது. தொங்கும் பெடல் 1961ல்தான் வந்தது. அதனால் பிரேக் ஆயில் ஊற்றத் தரைவிரிப்பைத் தூக்கி, தரையிலுள்ள சின்ன மூடியைத் திறந்து, குனிந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். முதுகு சரியில்லாதவர்கள் 61க்குப் பிந்தைய வண்டி வாங்குவது உத்தமம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹில் ஹோல்டரை ஸ்டூடிபேக்கர் 1936ல் பிரெசிடென்ட் மாடலில் கொண்டுவந்தார்கள். செய்து கொடுத்தது வாக்னர் எலெக்ட்ரிக் கம்பெனி. கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரம்கூடக் கிடையாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் பிரேக் லைனின் நடுவில் ஒரு சின்ன இரும்பு அறை. அதற்குள் ஒரு ஸ்டீல் குண்டு. வண்டியின் மூக்கு மேலே தூக்கினால் குண்டு பின்னால் உருண்டு வந்து ஆயில் திரும்பும் வழியை அடைக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரங்களில் அழுத்தம் அப்படியே நிற்கும். சமதரையில் குண்டு முன்பக்கமே கிடக்கும், வழி திறந்தே இருக்கும்.

குண்டு மட்டும் இருந்தால் மேட்டில் ஒருமுறை பிடித்த பிரேக் விடவே விடாது. அதற்குத்தான் கிளட்ச்சோடு இணைத்தார்கள். கிளட்ச் பெடலிலிருந்து ஒரு கம்பி வந்து அறையின் பக்கத்திலுள்ள கேம் என்ற தள்ளும் துண்டைத் திருப்பும். பெடல் மேலே இருக்கும்போது கேம் குண்டை வழியிலிருந்து தள்ளியே வைத்திருக்கும். பெடலை மிதித்தால் கேம் விலகும், குண்டு சுதந்திரமாக உருளும். பெடலை விடும்போது, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், கேம் மறுபடி குண்டைத் தள்ளி அழுத்தத்தை விடுவிக்கும். புவியீர்ப்பையும் டிரைவரின் இடது காலையும் மட்டும் நம்பி ஒரு இயந்திரத்தை வடிவமைத்தவர்களை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து சுபாரு தன் மேனுவல் கியர் கார்களில் இதே வசதியைக் கொடுத்தபோது புதுமை என்று நினைத்தவர்கள் உண்டு. ஸ்டூடிபேக்கரின் சொந்த ஊரான சவுத் பெண்டில் அது பழைய சங்கதி.

என் வண்டியில் அந்தக் கம்பி கழற்றப்பட்டுக் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் யாரோ செய்தது. இது இந்த வண்டிகளில் சகஜம். பிரேக் இழுக்கிறது என்றதும் மெக்கானிக் முதலில் கை வைப்பது ஹில் ஹோல்டரில்தான். சரிசெய்யத் தெரியாதபோது கழற்றிவிடுவது சுலபம்.

அறையைப் பிரித்தபோது உள்ளே கருப்புக் குழம்பு. சாதாரண கிளைக்கால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் இந்தக் கதிதான். குண்டு ஒட்டிப்போயிருந்தது, குண்டு உட்காரும் ரப்பர் கல்லாகியிருந்தது. நல்லவேளை, அறையின் சுவரில் குழி விழவில்லை. மெதைலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவி, குண்டைக் கண்ணாடி போலத் துடைத்து, ரிப்பேர் கிட்டிலிருந்த ரப்பர்களைப் போட்டு மூடினேன். டாட் 5 சிலிக்கான் ஆயில் ஊற்றலாமா என்று நம்மவர்களுக்குள் ஓயாத வாதம் நடக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டைத் தின்னாது. ஆனால் பிரஷரில் வேலை செய்யும் பிரேக் லைட் சுவிட்ச்சுகள் அதில் சீக்கிரம் போகின்றன என்று பலர் சொல்கிறார்கள். நான் சாதாரண கிளைக்கால் வகையான டாட் 3தான் ஊற்றினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என்று முடிவு.

அடுத்து அட்ஜஸ்ட்மென்ட். இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் கிளட்ச் பெடலின் ஃப்ரீ ப்ளே, அதாவது பெடல் வேலை தொடங்கும்முன் சும்மா நகரும் தூரம். அதைச் சரியாக வைக்காமல் ஹில் ஹோல்டர் கம்பியைத் தொடவே கூடாது. கிளட்ச் பிடிக்கும் இடம் மாறினால் கேம் விடும் இடமும் மாறிவிடும். கிளட்ச்சை வைத்த பிறகு கம்பியின் நட்டைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று வைத்து, மேட்டில் போய்ப் பார்க்க வேண்டும். சீக்கிரம் விட்டால் வண்டி உருளும். தாமதமாக விட்டால் என்ஜின் பிரேக்கோடு மல்லுக்கட்டும், கிளட்ச் தேயும். நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகியது, ஆனால் கண்டுபிடித்துவிட்டால் கால் உடனே சொல்லிவிடும்.

அதையும் பிடித்தாயிற்று. பிறகுதான் என்னைப் பல வாரம் தூங்கவிடாத பிரச்சினை வந்தது: சமதரையிலும் பிடித்தது! சிக்னலை நெருங்கும்போது, கிளட்ச் மிதித்தபடி கொஞ்சம் முன்னே ஊரலாம் என்று பிரேக்கை விட்டால் பிரேக் விடாது. கேமைச் சந்தேகித்தேன், ரிட்டர்ன் ஸ்பிரிங்கைச் சந்தேகித்தேன், மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடைச் சந்தேகித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

உதவிக்கு வந்த மதுரைக்கார நண்பர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டியே பின்பக்கம் குத்தவச்சுதானே நிக்குது, பாத்தீங்களா?" என்றார். ஸ்பிரிட் லெவலைக் கதவுக்கு அடியிலுள்ள ராக்கர் பேனல் மேல் வைத்துப் பார்த்தோம். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகள் அறுபது வருடத்தில் சோர்ந்து வால் இறங்கியிருந்தது. ஹில் ஹோல்டர் அறை லேசாக முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால்தான் சமதரையில் குண்டு முன்னால் கிடக்கிறது. வால் இறங்கினால் அந்தச் சாய்வு போய்விடும். குண்டைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் மேட்டில்தான் நிற்கிறது. குண்டு பொய் சொல்லவே இல்லை!

பிராக்கெட்டுக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பிரிங் இறங்கியிருப்பது நோய், அறை பிடிப்பது அதன் அறிகுறி. ஸ்பிரிங்குகளைக் கழற்றி, லாரி ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் மறுபடி வளைவு கொடுத்து, உதிர்ந்திருந்த புஷ்களை மாற்றி மாட்டினேன். வால் எழுந்தது, சமதரையில் பிடிப்பதும் நின்றது. ஸ்பிரிங் மாற்றுபவர்கள் இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: வால் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் சின்ன மேட்டில் ஹில் ஹோல்டர் பிடிக்காது.

இந்த வண்டியின் பின்கதை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியாகத் தொடங்கியதல்ல. 1852ல் இந்தியானாவின் சவுத் பெண்டில் ஹென்றி, கிளெம் என்ற அண்ணன் தம்பிகள் போட்ட கொல்லுப்பட்டறை அது. இன்னொரு தம்பி ஜான், தங்கவேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவின் பிளாசர்வில்லுக்குப் போய், தங்கம் தோண்டாமல், தோண்டுபவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார். 8,000 டாலரோடு 1858ல் திரும்பி வந்து பங்காளியானார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைக்கு வேகன் செய்தார்கள். 1902ல் மின்சாரக் கார், 1904ல் பெட்ரோல் கார். குதிரை வண்டியிலிருந்து காருக்கு மாறி நிலைத்து நின்ற பெரிய கம்பெனி அமெரிக்காவில் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் ஸ்டூடிபேக்கர்களைப் பூட்டி விற்றதால், நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கும் இந்தப் பெயர் தெரியும்.

1953ல் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் ஸ்டூடியோவைச் சேர்ந்த ராபர்ட் பூர்க் வரைந்த கூபே இன்றுவரை அமெரிக்காவின் அழகான கார்களில் ஒன்று. அதே 1953தான் சரிவின் தொடக்கமும். கூபேயின் முன்பக்கத் தகடுகள் தொழிற்சாலையில் பொருந்தாமல் உற்பத்தி தள்ளிப்போனது. மக்கள் கூபே கேட்டார்கள், கம்பெனி செடான்களை அதிகம் செய்து வைத்திருந்தது. அதோடு ஃபோர்டும் ஜிஎம்மும் விலைப்போரில் இறங்கின. 1954ல் பேக்கார்ட் கார் கம்பெனியோடு இணைந்தது காப்பாற்றவில்லை.

காப்பாற்றியது லார்க். அப்போதைய கம்பெனித் தலைவர் ஹெரால்ட் சர்ச்சிலின் கீழ், புதிய உடலுக்குப் பணம் இல்லாமல், 1953லிருந்து ஓடிய செடானின் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் குறுக்கினார்கள். 108.5 அங்குல வீல்பேஸ், 175 அங்குல நீளம், உள்ளே ஆறு பேர். 1959 மாடல் 1,30,000க்கும் மேல் விற்று, நஷ்டத்தில் கிடந்த கம்பெனியை லாபத்துக்கு இழுத்தது. அடுத்த வருடமே போட்டிக்கு ஜிஎம்மின் கோர்வேர், ஃபோர்டின் ஃபால்கன், கிரைஸ்லரின் வேலியன்ட் என்ற சிறிய கார்கள் மூன்றும் வந்துவிட்டன. 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் உற்பத்தி நின்றது. கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை இழுத்தார்கள். வண்டி மோசமாக இருந்ததால் கம்பெனி சாகவில்லை. இதை ஒரு லார்க்கின் அடியில் படுத்து வேலை செய்த எவரும் சொல்வார்.

லார்க் வைத்திருப்பவர்கள் அதன் நிறைகுறைகளைப் பற்றி ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். என் வண்டியில் இருக்கும் 259 கன அங்குல வி8 என்ஜினை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஃபோர்ஜ் செய்த கிராங்க், செயின் இல்லாமல் கியரால் ஓடும் கேம்ஷாஃப்ட், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சாலிட் லிஃப்டர். கனம் அதிகம், அதனால் முன்பக்கம் பாரம், பவர் இல்லாத ஸ்டீயரிங் நிறுத்தும் இடத்தில் தோளைக் கேட்கும். 1961ல் வந்த ஓவர்ஹெட் வால்வ் ஆறு சிலிண்டரில் ஹெட் விரிசல் விடும் என்பது எல்லோரும் அறிந்தது. வாங்கும்முன் பாருங்கள். எல்லாரும் ஒன்றாகப் புலம்புவது துருவைப் பற்றித்தான். முன் ஃபென்டரின் மேல்பகுதிக்கு உட்புறம் சேறு தங்கி, உள்ளிருந்தே தின்று வெளியே வரும். பென்சில்வேனியாவில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கம்பெனி மூடியபோது மிச்சமிருந்த சரக்கு மலையளவு. ஸ்டூடிபேக்கரின் அவான்டி ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையை வாங்கிய சவுத் பெண்ட் டீலர்கள் நியூமனும் ஆல்ட்மனும் பாகங்களையும் விற்றார்கள். அதன் மிச்சம் இன்னும் பல வியாபாரிகள் கையில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. என் பிரேக் ஷூக்கள் ஓர் இந்தியானா கடையிலிருந்து சில நாளில் வந்தன. ஸ்டூடிபேக்கர் நேஷனல் மியூசியத்தில் வண்டியின் சீரியல் நம்பரைக் கொடுத்தால் அதன் தயாரிப்பு ஆர்டரின் நகல் கிடைக்கும். என் வண்டிக்கு ஹில் ஹோல்டரும் ஓவர்டிரைவும் (நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஆர்டரிலேயே இருந்தன என்பது அதில்தான் உறுதியானது. வாங்கியவர் மேட்டுப்பாங்கான ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பின்பக்க டிரம் வேலை இன்னும் மிச்சம். ஆக்ஸில் முனை கூம்பாக இருக்கும் வகை இது. இழுத்துக் கழற்றும் கருவியான சாதாரண மூன்று கால் புல்லரைப் போட்டு இழுத்தால் டிரம்தான் வளையும். ஐந்து ஸ்டட்டிலும் பூட்டும் கனமான புல்லரை மாட்டி, இறுக்கி, சுத்தியலால் அடித்து, மறுபடி இறுக்க வேண்டும். நடு நட்டைக் கழற்றிவிடாதீர்கள், சில மரை தளர்த்தி அப்படியே விடுங்கள். கூம்பு விடும்போது துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தோடு டிரம் பறக்கும். உள்ளே இருக்கும் பேரிங்குக்குத் தனியாக கிரீஸ் வைக்க வேண்டும், கியர் ஆயில் அங்கே வராது. பலர் வருடக்கணக்கில் வைப்பதே இல்லை. இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும், ஏர் கன் வைக்கும் கடைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் புல்லரை ஸ்டூடிபேக்கர் ஆர்வலர் கழகத்தில் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். பனி விழுவதற்குள் பேரிங் முடிந்தால், வசந்தத்தில் சவுத் பெண்ட் உதிரிபாகச் சந்தைக்கு வண்டியை ஓட்டியே போவதாகத் திட்டம், ஓவர்டிரைவ் போட்டு டர்ன்பைக் சுங்கச்சாலையில். அதற்குள் துரு தின்னாத 1960 லார்க்கின் இடது முன் ஃபென்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பெயின்ட் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, மேல்பகுதி மட்டும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும்.