ஓபிசி சர்டிபிகேட்டுக்கு அலைஞ்ச கதை: பாம்பன்ல இருந்து பிஎச்டி வரைக்கும்

கிரகங்களோட வளிமண்டலம், ஆஸ்ட்ரோபயாலஜி (பூமிக்கு வெளிய உயிர் இருக்கான்னு தேடுற படிப்பு) இந்தப் பக்கம் பிஎச்டி சீட் கிடைச்சிருச்சு. பிஎச்டி சேர எழுதுற ஜெஸ்ட் நுழைவுத்தேர்வு எழுதுனது, இன்டர்வியூ லெட்டர் வந்தது எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சது. அழவச்சது ஓபிசி சர்டிபிகேட்தான், இன்னும் மனசு ஆறல.

நம்மகிட்ட இருக்குற பிசி சர்டிபிகேட் சென்ட்ரல் கவர்மென்ட் இன்ஸ்டிடியூட்டுக்குச் செல்லாது. நான்-கிரீமிலேயர்னு, அதாவது வசதியான பிரிவுல வராதவங்கன்னு போட்ட ஓபிசி தனியா வாங்கணும், அதுவும் பெரும்பாலும் ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்குனதா கேப்பாங்க. ஒரு இ-சேவை மையத்துல "ஓபிசி வேணும்ணே"ன்னு தெளிவாத்தான் சொன்னேன், அந்தண்ணன் பிசிக்கே திரும்ப அப்ளை பண்ணிவிட்டுருக்காரு. பத்து நாள் காத்திருந்து பிரின்ட் எடுத்துப் பாத்தா பழைய சர்டிபிகேட்டே புதுத் தேதியில வந்து நிக்குது. கேட்டா "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ங்குறாரு.

மறுபடி போட்டா ரிஜெக்ட், ஏன்னா ரேஷன் கார்டுல அப்பா பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. ஆபீஸுக்குப் போனா மூணு நாளும் "சர்வர் இல்ல, நாளைக்கு வாம்மா". மீன்பிடி தடைக்காலம்ங்கிறதால அப்பா கடலுக்குப் போகல, நாலாவது நாள் அவரே கூட வந்து ஒரிஜினலையெல்லாம் மேசையில பரப்பி வச்சு உக்காந்துட்டாரு, அன்னைக்குத்தான் ஃபைல் நகர்ந்துச்சு.

நடுவுல ஆன்லைன்ல இன்டர்வியூ. முதல் கேள்வியே வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற கே2-18பி கிரகம். 124 ஒளியாண்டு தூரம், அங்க டைமெத்தில் சல்பைடு வாயு இருக்கலாம்னு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியோட டேட்டாவ வச்சு 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ் டீம் சொல்லியிருந்தாங்க. பூமியில அதை உண்டாக்குறது பெரும்பாலும் கடல்ல மிதக்குற நுண்பாசிங்கதான், அப்ப அங்க உயிர் இருக்கான்னு கேட்டாங்க. நாம கடல் வாசம்னு சொல்றதுல அந்த வாயுவுக்கும் பங்கு உண்டு, அம்மா மரிக்கொழுந்து பாசி அள்ளிட்டு வந்து ஈரச்சாக்கை வாசல்ல கவுக்குறப்ப வர்ற வாசத்துலயே வளந்தவ நான். ஆனாலும் உயிர் இருக்குன்னு சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். சிக்னல் எவ்வளவு உறுதின்னு சொல்ற அளவுல அது 3 சிக்மாதான், கண்டுபிடிப்புன்னு ஏத்துக்க 5 வேணும், அதோட உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்துலயும் ரொசெட்டா விண்கலத்தோட டேட்டாவுல அதே வாயு தெரிஞ்சிருக்கு. கேட்டவங்க தலையாட்டிட்டு குறிச்சுக்கிட்டாங்க, அந்த நிமிஷம் அவ்வளவு சந்தோஷம்.

தேடுறவங்களுக்கு ஒண்ணு, ஆஸ்ட்ரோபயாலஜின்னு மட்டும் தேடுனா நம்ம நாட்டுல ரொம்பக் கம்மியாத்தான் சிக்கும், பிளானட்டரி சயின்ஸ்னு (கிரக அறிவியல்) தேடுங்க. அகமதாபாத் பிஆர்எல் (பிசிகல் ரிசர்ச் லேபரட்டரி), திருவனந்தபுரத்துல ஐஐஎஸ்டி (விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்), அப்புறம் அங்கேயே இஸ்ரோவோட விஎஸ்எஸ்சியில (விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்) இருக்குற ஸ்பேஸ் பிசிக்ஸ் லேப், செவ்வாய்க்குப் போன மங்கள்யான்ல இருந்த, அங்க வளிமண்டலத்தை ஆராயுற மென்கா கருவி அவங்க செஞ்சதுதான். எம்எஸ்சி பிசிக்ஸ் படிச்சவங்க தாராளமா போடலாம்.

இ-சேவையில அப்ளை பண்றப்ப ஸ்கிரீனைத் திருப்பச் சொல்லி சர்டிபிகேட் பேரை நீங்களே வாசிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க. இன்டர்வியூ லெட்டருக்குக் காத்திருக்காம ஏப்ரல்லயே போட்டுருங்க. எனக்கு கடைசி நாள் மத்தியானம்தான் கையில வந்துச்சு, அஞ்சு மணிக்குள்ள அப்லோட் பண்ணணும், நாலு இருபதுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட்ல ஜாயினிங். அப்பா பேரை ரேஷன் கார்டுல மாத்தக் குடுத்தாச்சு, தம்பி இப்பதான் பிளஸ் டூ.