கம்பியில் தொங்கிய வவ்வால்

முப்பது வருஷம் கடலூரில் லைன்மேனாக இருந்தேன். பங்குனியில் இலுப்பை பூத்தால் விடியற்காலை போன் நிச்சயம். "அண்ணே, கம்பியில வவ்வால் தொங்குது, கரண்ட் இல்ல."

காக்கையும்தான் நாளெல்லாம் கம்பியில் உட்காருகிறது. ஆனால் அது கம்பிக்கு மேலே இறங்கும், சிறகை மடக்கிக்கொள்ளும். வவ்வால் கால்நகத்தால் கம்பியைக் கவ்வித் தலைகீழாகத் தொங்கும். கிளம்பும்போது சிறகை விரித்தாக வேண்டும். பழந்தின்னிக்கு நுனிக்கு நுனி நாலடி. தெருக் கம்பிகளுக்கு நடுவே ஒரு முழம்கூடக் கிடையாது. கரண்ட் ஓடும் இரண்டு ஃபேஸ் கம்பியையும் சேர்த்துத் தொட்டால் முடிந்தது கதை.

ஒருநாள் மஞ்சக்குப்பத்தில் கரண்டை நிறுத்தியாச்சு என்று லைன் கிளியர் வாங்கி, ஒன்றைக் கழியால் தட்டி இறக்கினேன். கையுறையோடுதான் பிரித்துப் பார்த்தேன் (வெறுங்கையால் வவ்வாலைத் தொடவே கூடாது, செத்ததாக இருந்தாலும்). கட்டைவிரல் கொக்கி நகத்தோடு தனியாக நிற்கிறது. மற்ற நாலு விரலும் ஈர்க்குச்சி மாதிரி நீண்டு, நடுவில் தோல். டார்ச் அடித்தால் அந்தத் தோலில் ரத்தக்குழாய் ஓடுவது தெரிந்தது. தோல் விலாவோடு நிற்கவில்லை, கால் வரைக்கும் போகிறது. இறகு ஒன்றுகூட இல்லை. சிறகு என்று நாம்தான் சொல்கிறோம், அது முழுக்கக் கை. பறவைக்கு விரல் எலும்புகள் சுருங்கி ஒட்டிப்போய், மிச்சத்தை இறகு பார்த்துக்கொள்கிறது.

முதுநகர் துறைமுகத்துச் செம்பருந்துக்கும் சிறகு ஏறக்குறைய அதே நாலடிதான். எடை அரைக் கிலோவைச் சுற்றி. பழந்தின்னியோ ஒன்றரைக் கிலோ வரை போகும். அதனால்தான் பருந்து சூடான காற்றில் சிறகை அசைக்காமல் வட்டம் போடுகிறது, வவ்வால் சாயங்காலம் கெடிலம் ஆற்றுக்கு மேலே துடுப்புப் போடுகிற மாதிரி அடித்துக்கொண்டே போகிறது. ஆனால் கிளைக்குள் நுழைந்து திரும்புவதைப் பாருங்கள், அந்த வளைவு பருந்துக்கு வராது.

சின்னதில் வவ்வாலும் பறவையும் சமம். தாய்லாந்தில் ஒரு வவ்வால், கியூபாவில் ஒரு ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்), இரண்டுமே 2 கிராம்தான். பெரியதில்தான் வித்தியாசம். ஆப்பிரிக்காவில் 18 கிலோ எடையோடு பறக்கும் கானமயில் இனம் உண்டு. பறக்காத நெருப்புக்கோழி 100 கிலோவைத் தாண்டும். வவ்வாலில் அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தோன்றும் ஒரு காரணம்: பறவை முட்டையைக் கூட்டில் வைத்துவிட்டுப் பறக்கலாம். வவ்வால் குட்டியை வயிற்றில் சுமந்து பறக்கிறது, பெற்ற பிறகு மார்பில் தொங்கவிட்டும் பறக்கிறது.

அதை நேரில் பார்த்தது திருப்பாதிரிப்புலியூரில். கம்பியில் கருகிய தாயின் மார்பில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தெடுத்து, அட்டைப்பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியை மெத்தை மாதிரி போட்டு, அதன்மேல் படுக்க வைத்தோம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு டீ குடித்து வருவதற்குள் அது பெட்டியின் ஓரத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.